விரலில் 98 காட்டியும் அப்பா ஏன் மயங்கினார்?

குலசேகரத்துக்கு அப்பால் உள்ள ஒரு மலையோரக் கிராமத்திலிருந்து ஒரு சகோதரி விரிவாக எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் தவிர்த்து, கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன்.

அவருடைய தந்தைக்கு வயது 71. ரப்பர் தோட்டத்தில் ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். பீடிப் பழக்கமும் இருந்து, பிறகு விட்டவர். மருத்துவச் சீட்டில் சி.ஓ.பி.டி. என்று எழுதப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் அவருக்கு இருக்கிறது. மழைக்காலத்தில் சளி முற்றி மருத்துவமனையில் இருந்துவிட்டு வீடு திரும்பியபோது, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சென்ட்ரேட்டர் இயந்திரத்தை நிமிடத்துக்கு 1 லிட்டர் வைக்க வேண்டும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் 88 முதல் 92 வரை நின்றால் போதும் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். காரணத்தை யாரும் சொல்லவில்லை. வளைகுடாவில் வேலை பார்க்கும் அண்ணன் வீடியோ அழைப்பில் 89 என்ற எண்ணைப் பார்த்துப் பதறி, “95-க்குக் கீழே போகவே கூடாது, கூட்டி வை” என்று சொல்ல, இயந்திரத்தை 5 லிட்டருக்கு ஏற்றியிருக்கிறார்கள். எண் 98 ஆனது. அப்பா அன்றிரவு குறட்டை விட்டு நன்றாக உறங்கியதாக நினைத்திருக்கிறார்கள். மறுநாள் காலையில் தலைவலி என்றார், கை நடுங்கியது, மதியம் மகளையே யாரென்று கேட்டார், மாலையில் தட்டி எழுப்பியும் கண் திறக்கவில்லை. மருத்துவமனையில் மணிக்கட்டிலிருந்து இரத்தம் எடுத்துப் பார்த்து, கார்பன் டை ஆக்சைடு ஏறிவிட்டது என்று கூறி, காற்றை அழுத்தத்துடன் செலுத்தி மூச்சுக்கு உதவும் பைபேப் முகமூடி பொருத்திக் காப்பாற்றியிருக்கிறார்கள். திரும்ப அனுப்பும்போதும் அதே 1 லிட்டரைத்தான் எழுதினார்கள். ஆனால் பயந்துபோன குடும்பம் இயந்திரத்தையே அணைத்து மூலையில் வைத்துவிட்டது. இப்போது ஆக்சிமீட்டர் 83, 84 என்று காட்டுகிறது.

கடைசிப் பத்தியில் தன்னைப் பற்றியும் எழுதியிருக்கிறார். வயது 43, ரப்பர் மரத்தில் பால் வெட்டும் வேலை. மேட்டில் ஏறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. அப்பாவின் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிப் பார்த்தால் 99. இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.9. “99 இருக்கிறதே, உனக்கு ஒன்றுமில்லை, எல்லாம் மனக்கவலைதான்” என்று சொல்லிவிட்டார்களாம். அப்பாவின் இயந்திரத்தில் தானும் சிறிது நேரம் ஆக்சிஜன் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார். முதல் மருத்துவமனைமீது வழக்குத் தொடர வேண்டும் என்று அண்ணன் சொல்வது சரியா என்பதும் அவருடைய கேள்வி.

சகோதரி, விளக்கங்களுக்கு முன் இன்று செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இயந்திரத்தை மீண்டும் இயக்குங்கள். சீட்டில் எழுதிய அதே 1 லிட்டரில், ஒரு கோடு கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். அரை மணி நேரத்துக்குப் பிறகும் எண் 88-ஐ எட்டவில்லையென்றால், நீங்களாகக் கூட்டாமல், சிகிச்சை அளித்த மருத்துவரிடம் இன்றே அப்பாவை அழைத்துச் செல்லுங்கள். 84 என்ற அளவில் நாள் கணக்கில் இருப்பது அவருடைய இதயத்தின் வலப்பக்கத்துக்குப் பெரும் சுமை. அளவுக்கு மேல் கொடுத்ததால் வந்த ஆபத்தைக் கண்டு முற்றிலும் நிறுத்திவிடுவது, இரத்த அழுத்த மாத்திரையை இரண்டாக விழுங்கி மயங்கியவர் மறுநாளிலிருந்து மாத்திரையே வேண்டாம் என்று விடுவதற்கு ஒப்பானது. ஆக்சிஜனும் அளவு குறித்துக் கொடுக்கப்படும் மருந்துதான்.

ஆக்சிமீட்டர் எதை அளக்கிறது

2020, 2021-ஆம் ஆண்டுகளில் நம் குமரி மாவட்டத்தில் ஆக்சிமீட்டர் நுழையாத தெரு இல்லை. கோவிட் காலத்தில் 94-க்குக் கீழே போனால் மருத்துவமனைக்கு வாருங்கள் என்று சொல்லப்பட்டது. அந்தச் சூழலுக்கு அது சரியான எச்சரிக்கை. அதுவரை நன்றாக இருந்த நுரையீரலில் திடீரென்று நோய் தாக்கும்போது பொருந்தும் அந்த எண்ணை, பல ஆண்டுகளாகப் பழுதடைந்த நுரையீரலுக்கும் பொருத்திப் பார்த்ததுதான் உங்கள் அண்ணன் செய்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. படித்தவர்கள் பலரும் இதையே செய்கிறார்கள்.

அந்தச் சிறு கருவி சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியே செலுத்தி, எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்க்கிறது. ஆக்சிஜனைச் சுமந்த ஹீமோகுளோபினும் சுமக்காத ஹீமோகுளோபினும் இந்த இரு ஒளிகளையும் வெவ்வேறு அளவில் உறிஞ்சுவதால், இருக்கிற ஹீமோகுளோபினில் நூற்றுக்கு எத்தனை பங்கு ஆக்சிஜனால் நிரம்பியிருக்கிறது என்று அதனால் கணக்கிட முடிகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. உடலில் மொத்தம் எவ்வளவு ஹீமோகுளோபின் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பதும் தெரியாது. அப்பாவின் ஆபத்து இரண்டாவதில் இருந்தது. உங்கள் சிக்கல் முதலாவதில் இருக்கிறது. ஒரே கருவி உங்கள் இருவர் விஷயத்திலும் நல்ல எண்ணைக் காட்டிக் குடும்பத்தைத் திசைதிருப்பியிருக்கிறது.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். விரல் குளிர்ந்திருந்தாலோ நகச்சாயம் பூசியிருந்தாலோ எண் பிசகும். கறுத்த தோல் உடையவர்களுக்கு உண்மை அளவைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதும் இப்போது உறுதியாகியிருக்கிறது. ஆகவே 84 என்பது உண்மையில் இன்னும் குறைவாகவும் இருக்கலாம்.

மூச்சை முடுக்குவது எது

உடலில் ஆக்சிஜன் குறைவதால்தான் நாம் மூச்சு விடுகிறோம் என்பது பரவலான எண்ணம். சாதாரண நிலையில் அது உண்மையன்று. மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள். இனித் தாங்காது என்று வாயைத் திறக்க வைப்பது, உள்ளே ஏறிக்கொண்டிருக்கும் கார்பன் டை ஆக்சைடு; அந்த நேரத்தில் விரலில் மாட்டிய ஆக்சிமீட்டரில் எண் அசைந்துகூட இருக்காது. 1905-இல் ஹால்டேன், பிரீஸ்ட்லி என்ற இருவர் இங்கிலாந்தில் இதைச் சோதனை செய்து நிறுவினார்கள். நாம் சுவாசிக்கும் வேகத்தையும் ஆழத்தையும் நிமிடத்துக்கு நிமிடம் திருத்திக்கொண்டிருப்பது நுரையீரல் காற்றறைகளில் உள்ள கார்பன் டை ஆக்சைடின் அளவு.

மூளையின் அடிப்பகுதியில் முகுளம் என்ற பகுதி இருக்கிறது. இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு கூடினால், அது எளிதில் மூளையைச் சூழ்ந்த நீருக்குள் புகுந்து அமிலத்தன்மையை உயர்த்துகிறது. முகுளத்தின் பரப்பிலுள்ள உணர்விகள் அதை உணர்ந்து மூச்சை வேகப்படுத்துகின்றன. இதன் பயனாக, நலமாக உள்ளவரின் தமனி இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் 35 முதல் 45 மில்லிமீட்டர் பாதரசம் என்ற குறுகிய வரம்புக்குள் நிற்கிறது. ஆக்சிஜனைக் கண்காணிக்கும் காவல் வேறிடத்தில் இருக்கிறது: கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில், அரிசிமணி அளவே உள்ள கரோட்டிட் உறுப்பு. பெல்ஜிய நாட்டு மருத்துவர் கோர்னேய் ஹேமன்ஸ் 1938-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்றது இதைப் பற்றிய ஆய்வுக்குத்தான். ஆனால் இந்தக் காவல் சும்மா கூச்சலிடாது; ஆக்சிஜன் அழுத்தம் சுமார் 60-க்குக் கீழே இறங்கும்போதுதான் பலமாகக் குரல் கொடுக்கும்.

உங்கள் அப்பாவின் நிலை வேறு. மூச்சுக்குழாய்கள் சுருங்கி, காற்று வெளியேற முடியாமல் நுரையீரல் ஊதிப்போயிருப்பதால், கார்பன் டை ஆக்சைடு முழுமையாக வெளியேறுவதில்லை. அது சிறிது சிறிதாகத் தேங்கத் தேங்க, சிறுநீரகங்கள் பைகார்பனேட்டைச் சேமித்து அமிலத்தை ஈடுகட்டுகின்றன. முகுளமும் உயர்ந்த அளவுக்குப் பழகி மந்தமாகிவிடுகிறது. இந்த நிலையில் உள்ளவருக்கு 5 லிட்டர் ஆக்சிஜன் கொடுத்தபோது என்ன நடந்தது?

இதற்கு மருத்துவமனைகளிலேயே வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம், “ஆக்சிஜன் குறைவுதான் இவரை மூச்சுவிட வைத்துக்கொண்டிருந்தது, அதை நிரப்பியதும் மூச்சு நின்றுவிட்டது” என்பது. அதில் ஓரளவு உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. ஆக்சிஜன் கொடுத்த பின் இத்தகைய நோயாளிகளின் சுவாச அளவு சற்றே குறைந்து பெரும்பாலும் பழைய நிலைக்கே திரும்பிவிட்டாலும், கார்பன் டை ஆக்சைடு மட்டும் உயர்ந்துகொண்டே போனதை 1980-இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. அப்படியானால் வேறு காரணங்களும் இருக்க வேண்டும். முக்கியமானது, நுரையீரலுக்குள் இரத்தம் பங்கிடப்படும் விதம். காற்றுச் சரியாகப் போகாத பகுதிகளுக்கு இரத்தத்தை அனுப்பாமல், அங்குள்ள சிறு இரத்தக்குழாய்கள் தாமே சுருங்கி, நன்றாக வேலை செய்யும் பகுதிகளுக்கு இரத்தத்தைத் திருப்பிவிடுகின்றன. பழுதடைந்த நுரையீரல் தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் அருமையான ஏற்பாடு இது. அளவுக்கு மேல் ஆக்சிஜன் செலுத்தினால் அந்தக் குழாய்கள் விரிந்துவிடுகின்றன. இரத்தம் பயனற்ற பகுதிகளுக்கும் ஓடி, கார்பன் டை ஆக்சைடை இறக்காமலே திரும்பி வருகிறது. இத்துடன், ஆக்சிஜன் நிரம்பிய ஹீமோகுளோபின் தன்னிடமுள்ள கார்பன் டை ஆக்சைடை இரத்தத்திலேயே கழற்றிவிடும் இயல்புடையது. மற்றவர்கள் அதை நாலு மூச்சில் வெளியேற்றிவிடுவார்கள், அப்பாவால் முடியாது.

தேங்கிய கார்பன் டை ஆக்சைடு மூளையின் இரத்தக்குழாய்களை விரிக்கும். அதனால் காலைத் தலைவலி. பிறகு கை நடுக்கம், குழப்பம், உறக்கம்போல் தோன்றும் மயக்கம். நீங்கள் எழுதிய வரிசை பாடப்புத்தகத்தில் உள்ள வரிசையேதான். விரலில் 98 இருந்ததால் அதை நல்ல உறக்கம் என்று எடுத்துக்கொண்டீர்கள்.

88 முதல் 92 வரை போதும் என்பது சிக்கனமா?

ஆக்சிஜனில் கஞ்சத்தனம் செய்துவிட்டார்கள் என்று அண்ணன் எழுதச் சொன்னதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். கணக்கைப் பார்ப்போம். ஒரு கிராம் ஹீமோகுளோபின் நிரம்பினால் ஏறத்தாழ 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கும். ஹீமோகுளோபின் 15 (அதாவது 100 மில்லிலிட்டரில் 15 கிராம்) உள்ளவரின் 100 மில்லிலிட்டர் இரத்தம், 98 விழுக்காட்டில் 19.7 மில்லிலிட்டரும் 90 விழுக்காட்டில் 18.1 மில்லிலிட்டரும் சுமக்கிறது. வேறுபாடு மிகச் சிறியது. அதற்காக அப்பா கொடுத்த விலையோ உயிருக்கு நிகரானது.

மறுபக்கமும் இருக்கிறது. ஆக்சிஜன் அழுத்தம் 100-லிருந்து 60-க்கு இறங்கும்வரை ஹீமோகுளோபின் பெரிதாக அசைந்து கொடுப்பதில்லை. 97-லிருந்து 90-க்குத்தான் வரும். அதற்குக் கீழே சரிவு செங்குத்தாகிறது. 50-இல் சுமார் 84, 40-இல் 75. அப்பா இப்போது நிற்பது அந்தச் சரிவின்மேல். ஒரு சிறிய சளிக் காய்ச்சல் வந்தாலும் கீழே உருண்டுவிடுவார். 88 என்ற கீழெல்லை இந்தச் சரிவைக் கருதியும், 92 என்ற மேலெல்லை கார்பன் டை ஆக்சைடைக் கருதியும் வைக்கப்பட்டவை.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் சி.ஓ.பி.டி. முற்றியதாகக் கருதப்பட்ட ஆம்புலன்ஸ் நோயாளிகளிடம் செய்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், கட்டுப்பாடின்றி ஆக்சிஜன் பெற்றவர்களில் 9 விழுக்காட்டினர் இறந்தனர். 88 முதல் 92 வரை மட்டும் நிறுத்திக் கொடுக்கப்பட்டவர்களில் 4 விழுக்காட்டினர். அதேபோல, ஆக்சிஜன் மிகவும் குறைந்த சி.ஓ.பி.டி. நோயாளிகளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 மணி நேரம் வீட்டில் ஆக்சிஜன் கொடுத்தால் ஆயுள் நீள்கிறது என்பதை 1981-இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. கொடுக்காமல் விட்டாலும் ஆபத்து, அள்ளிக் கொடுத்தாலும் ஆபத்து என்பதை இவ்விரண்டும் சேர்ந்தே சொல்கின்றன.

அடுத்த முறை அப்பாவுக்கு மயக்கம் வருவதுபோல் தெரிந்தால், இயந்திரத்தைப் பட்டென்று அணைக்காதீர்கள். ஆக்சிஜன் சட்டென்று அதலபாதாளத்துக்கு இறங்கிவிடும். எழுதிய அளவில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு 108-ஐ அழையுங்கள், வருபவர்களிடம் “கார்பன் டை ஆக்சைடு தேங்கும் சி.ஓ.பி.டி. நோயாளி, 88 முதல் 92 வரை” என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். இதை ஒரு அட்டையில் எழுதி இயந்திரத்திலேயே ஒட்டிவைப்பது நல்லது. மின்வெட்டு அடிக்கடி வரும் பகுதியானால் சிறிய சிலிண்டர் ஒன்றும் வீட்டில் இருக்கட்டும். அம்மா விறகடுப்பில் சமைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் புகை அப்பாவின் அறைக்கு வரக் கூடாது. நெருப்பு, குத்துவிளக்கு, பீடி எதுவும் ஆக்சிஜன் ஓடும் இடத்துக்கு அருகில் இருக்கவே கூடாது.

உங்கள் 99

இனி உங்கள் விஷயம். இதை நீங்கள் கடைசிப் பத்தியில் போட்டிருந்தாலும், எனக்கு அதே அளவு கவலை தருகிறது.

மார்த்தாண்டத்திலிருந்து மலைப்பக்கம் போகும் வழியில் எட்டுப் பேருந்துகள் ஓட வேண்டிய நேரத்தில் நாலுதான் ஓடுகின்றன என்று வையுங்கள். நாலிலும் இருக்கைகள் முழுவதும் நிரம்பியிருக்கும். நிரம்பிய விழுக்காட்டை மட்டும் பார்த்தால் குறையே தெரியாது. ஊர் போய்ச் சேராதவர்கள் நிறுத்தத்தில் நிற்பார்கள். உங்கள் 99 இப்படிப்பட்டது. ஹீமோகுளோபின் 13 உள்ள பெண்ணின் 100 மில்லிலிட்டர் இரத்தம் ஏறத்தாழ 17 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கும்போது, 7.9 உள்ள உங்கள் இரத்தம் பத்தரை மில்லிலிட்டரையே சுமக்கிறது. பெண்களுக்கு 12-க்குக் கீழ் இருந்தால் இரத்தசோகை, 8-க்குக் கீழ் என்றால் கடுமையான இரத்தசோகை. மனக்கவலை என்று சொன்னவர் இந்த எண்ணைப் பார்க்கவில்லை போலும்.

உட்கார்ந்திருக்கும்போது உங்களுக்குத் தொந்தரவு தெரியாததற்கும் காரணம் உண்டு. கழுத்திலுள்ள அந்தக் காவல் உறுப்பு இரத்தத்தில் ஆக்சிஜனின் அழுத்தத்தைத்தான் உணர்கிறது, மொத்த அளவை அன்று. உங்கள் நுரையீரல் நன்றாக இருப்பதால் அழுத்தம் சரியாகவே இருக்கிறது. மேடேறும்போது தசைகளின் தேவை கூடி, கிடைப்பது போதாமல் அமிலம் சேர்ந்து, மூச்சு வாங்குகிறது; இருக்கிற சிவப்பணுக்களையே வேகமாகச் சுற்றிவிட இதயம் படபடக்கிறது.

அப்பாவின் இயந்திரம் இதற்கு உதவாது. ஏற்கெனவே 99 நிரம்பிய ஹீமோகுளோபினில் ஏற்ற இடமில்லை. இரத்த நீரில் கரைந்து செல்லும் ஆக்சிஜன் மட்டும் கூடும். அது 100 மில்லிலிட்டருக்கு அரை மில்லிலிட்டரைக்கூட எட்டாத கூடுதல். உங்களுக்குத் தேவை இரும்புச்சத்து, அதைவிட முக்கியமாக, அது ஏன் குறைந்தது என்ற காரணம்.

மாதவிடாய் அதிகமாகப் போகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. 43 வயதில் அதுதான் முதல் சந்தேகம், கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் பார்க்க வேண்டும். மலம் கறுத்துப் போகிறதா, வலி மாத்திரைகளை அடிக்கடி விழுங்குகிறீர்களா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தோட்டத்து ஈரமண்ணில் செருப்பில்லாமல் நடப்பவர்களுக்குக் கொக்கிப்புழு பாதத்தின் வழியே நுழைந்து, குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும். பால் வெட்டுபவர்களிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி இது. உடலில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை செய்து, மாத்திரையா ஊசியா என்று முடிவு செய்யலாம். மாத்திரை என்றால் கட்டன் சாயாவுடன் சேர்க்காதீர்கள்; தேயிலை இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சாப்பாட்டுக்கும் சாயாவுக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடுங்கள். மரச்சீனிக் கிழங்கு வயிற்றை நிரப்பும், இரும்பைத் தராது. அத்துடன் சாளை மீனோ முருங்கைக்கீரையோ இருக்கட்டும். ஆனாலும் 7.9-ஐ உணவால் மட்டும் ஏற்றிவிடலாம் என்று காத்திருக்க வேண்டாம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

வழக்கு பற்றி

வழக்குத் தொடரலாமா என்பதை ஒரு வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். மருத்துவராக என் கருத்து: சீட்டில் எழுதிய அளவு சரியானது, அதை மாற்றியது வீட்டில்தான். அதே வேளையில், ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதிக் கையில் கொடுத்துவிட்டு, ஏன் என்று ஒரு நிமிடம்கூட விளக்காதது பெருங்குறை. அந்த மருத்துவமனைக்கு அதை எழுத்தில் தெரிவிக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. இரண்டு முறை சேர்க்கப்பட்டபோதும் எடுத்த இரத்த வாயுப் பரிசோதனை அறிக்கைகளை வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். வழக்கைவிட அடுத்த சிகிச்சைக்கு அவை பயன்படும்.

அந்த அறிக்கைகளுடன் அப்பாவை ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவிலோ வேறு நுரையீரல் மருத்துவரிடமோ காட்டுங்கள். உடல்நிலை தேறி இரண்டு மூன்று மாதங்கள் ஆனபின் இரத்த வாயுப் பரிசோதனையை மீண்டும் செய்தால்தான், ஆக்சிஜன் நிரந்தரமாகத் தேவையா, இரவில் வீட்டிலேயே பைபேப் வைக்க வேண்டுமா என்று முடிவு செய்ய முடியும். இன்ஹேலரை அப்பா எப்படி இழுக்கிறார் என்று மருத்துவர் முன்னால் ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள். பலர் தவறாகவே இழுக்கிறார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் இயன்முறை மருத்துவர் உங்கள் பகுதிக்கு வருகிறாரா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, இழுத்ததைப்போல் இரு மடங்கு நேரம் எடுத்து மெதுவாக ஊதிவிடும் பயிற்சியை அவர் கற்றுக்கொடுப்பார். மருத்துவரைப் பார்க்கும் நேரத்தில் அண்ணனையும் தொலைபேசியில் இணைத்துவிடுங்கள். 88 என்ற எண்ணைப் பற்றி அவருக்குள்ள கேள்விகளை அவரே கேட்டுக்கொள்ளட்டும். அதே நாளில் உங்கள் பெயரிலும் ஒரு சீட்டுப் போட்டு, ஹீமோகுளோபின் அறிக்கையைக் காட்டிவிட்டு வாருங்கள்.